ஒரு கை கொடுத்தது, மறு கை எடுத்தது

அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில், ஒரே தெருவில், அடுத்தடுத்த வீடுகளில் இரு மூதாட்டியர் வாழ்வதாக வைத்துக்கொள்வோம். இருவரும் கணவரை இழந்தவர்கள். இருவருடைய கணவன்மாரும் ஒரே தொழிற்சாலையில் ஒரே கூலிக்கு உழைத்தவர்கள். முதலாமவர் முப்பது ஆண்டுகள் பொதுப்பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றி, மாதம் 1,800 டாலர் ஓய்வூதியம் பெறுகிறார். இரண்டாமவர் வெளி வேலைக்குச் செல்லாமல் இல்லத்தைப் பேணியவர். துக்கம் சற்றே தணிந்தபின், கைம்பெண்களுக்கு உரிய தொகையைக் கேட்டு இருவரும் அரசு அலுவலகத்தின் படியேறுகின்றனர். இல்லத்தரசிக்கு மாதம் 1,500 டாலர் என்கிறார்கள். ஆசிரியைக்கோ 300 டாலர் மட்டுமே என்கிறார்கள்.

“என் கணவரும் அவருடைய கணவரைப் போலத்தானே வாழ்நாளெல்லாம் வரி செலுத்தினார்?” என்று ஆசிரியை கேட்கிறார்.

“உண்மைதான், அம்மா. ஆனால் தாங்கள் அரசு ஓய்வூதியம் பெறுகிறீர்களே” என்பது விடை.

இம்மூதாட்டியர் நம் கற்பனை. ஆனால் கணக்கு கற்பனையன்று. 1970-களின் பிற்பகுதி தொடங்கி 2023-ஆம் ஆண்டின் இறுதி வரைக்குமான தொகைகளில் அந்நாட்டுச் சட்டம் இவ்வாறே கணக்கிட்டது. அச்சட்டம் 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் நீக்கப்பட்டுவிட்டது. அது ஏன் பிறந்தது, எவரை வருத்தியது, நீக்கியதனால் நீதி நிலைபெற்றுவிட்டதா என்பன எந்நாட்டுக் குடும்பமும் எண்ணிப் பார்க்கத்தக்க கேள்விகளாகும்.

இருவேறு பெட்டிகள்

1935-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். தொழிலாளி தன் கூலியில் ஒரு பங்கைச் செலுத்துவார். முதலாளியும் அதே அளவு செலுத்துவார். இன்று இருவரும் தலைக்கு 6.2 விழுக்காடு செலுத்துகின்றனர். முதுமை வந்ததும் தொழிலாளிக்கு மாதந்தோறும் தொகை கிடைக்கும். அவருடைய மனைவிக்கும், அவர் இறந்தபின் அவருடைய கைம்பெண்ணுக்கும் தொகை உண்டு என்ற ஏற்பாடு 1939-இல் சேர்க்கப்பட்டது. 1940 ஜனவரி 31-ஆம் நாளிட்ட முதல் மாதக் காசோலையைப் பெற்றவர் வெர்மாண்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஐடா மே புல்லர் என்னும் பெண்மணி. அதன் மதிப்பு 22 டாலர் 54 சென்ட்.

ஆனால் இப்பந்தியில் எல்லாருக்கும் இலை போடப்படவில்லை. மாநில அரசுகளின் மீது நடுவண் அரசு வரி விதிக்கலாமா என்னும் அரசியலமைப்பு ஐயம் அன்று இருந்தது. ஆகவே மாநில அரசு ஊழியரும், நகராட்சி ஊழியரும், பொதுப்பள்ளி ஆசிரியரும் திட்டத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டனர். நடுவண் அரசின் ஊழியருக்கு 1920 முதலே தனியான ஓய்வூதியத் திட்டம் இருந்தது. 1950-களில் மாநிலங்கள் விரும்பினால் சேரலாம் என்று கதவு திறக்கப்பட்டது. பல மாநிலங்கள் சேர்ந்தன. ஆனால் டெக்சாஸ், கலிபோர்னியா, இல்லினாய், ஒகாயோ, மாசசூசெட்ஸ், லூசியானா போன்ற மாநிலங்களில் ஆசிரியர், காவலர், தீயணைப்பு வீரர் எனப் பலர் தத்தம் ஓய்வூதிய நிதியிலேயே தொடர்ந்தனர். இன்றும் அந்நாட்டின் மாநில, உள்ளாட்சி ஊழியருள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் சேராதவர்களே.

இவ்வாறு முதுமைக்கென இரு பெட்டிகள் உண்டாயின. ஒன்று, நாட்டு மக்கள் பெரும்பாலோர் காசு போடும் சமூகப் பாதுகாப்புப் பெட்டி. மற்றது, அரசு ஊழியரின் தனிப் பெட்டி. ஒருவரே வாழ்நாளில் இரண்டிலும் போட்டிருந்தால், அல்லது கணவர் ஒன்றிலும் மனைவி மற்றதிலும் போட்டிருந்தால், முதுமையில் கணக்கை எவ்வாறு தீர்ப்பது? சிக்கல் இங்கேதான் தொடங்கிற்று.

ஆண்களுக்கென வந்து பெண்கள் மேல் விழுந்த விதி

லியோன் கோல்ட்பார்ப் என்பவர் நடுவண் அரசில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி ஹன்னா, நியூயார்க் நகரின் பொதுப்பள்ளியில் ஏறத்தாழ 25 ஆண்டுகள் செயலராக உழைத்து, சமூகப் பாதுகாப்பு வரியைத் தவறாது செலுத்தியவர். மனைவி இறந்தபின் கோல்ட்பார்ப் அவர் பெயரில் தொகை கேட்டார், மறுக்கப்பட்டார். கைம்பெண் கேட்டால் தொகை உண்டு; மனைவியை இழந்த கணவன் கேட்டாலோ, தன் வாழ்க்கைச் செலவில் பாதியேனும் மனைவியின் சம்பாத்தியத்தால் நடந்தது என்று மெய்ப்பிக்க வேண்டும். அன்றைய சட்டம் அது.

வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1977 மார்ச்சு மாதம், ஐவருக்கு நால்வர் என்னும் கணக்கில், இப்பாகுபாடு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அத்தனை ஆண்டுகள் உழைத்து வரி செலுத்திய ஒரு பெண்ணின் உழைப்பு, ஆணின் உழைப்பினும் தாழ்ந்ததாக எண்ணப்படக் கூடாது என்பதே அதன் சாரம்.

தீர்ப்பு நன்று. ஆனால் கருவூலத்தார் கவலையுற்றனர். நல்ல அரசு ஓய்வூதியம் பெறும் ஆண்கள் எல்லாரும் இனி மனைவியரின் பெயரிலும் தொகை கேட்பார்களே என்று அஞ்சினர். அதே ஆண்டு டிசம்பரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டத்தில் ‘அரசு ஓய்வூதியக் கழிவு விதி’ புகுந்தது. சமூகப் பாதுகாப்பு வரி செலுத்தாத பணியிலிருந்து ஒருவர் அரசு ஓய்வூதியம் பெற்றால், கணவர் அல்லது மனைவி வழியாகக் கிடைக்கும் தொகையிலிருந்து அந்த ஓய்வூதியம் முழுவதும் கழிக்கப்படும் என்றது அவ்விதி. 1983-இல் ‘முழுவதும்’ என்பது ‘மூன்றில் இரு பங்கு’ எனத் தளர்த்தப்பட்டது.

நம் ஆசிரியையின் கணக்கு இப்பொழுது விளங்கும். ஓய்வூதியம் 1,800 டாலர். அதில் மூன்றில் இரு பங்கு 1,200 டாலர். கைம்பெண் தொகையாகிய 1,500-இலிருந்து 1,200 போக எஞ்சியது 300. ஓய்வூதியம் 2,250 டாலராக இருந்திருப்பின் ஒரு காசும் எஞ்சியிராது. ஆண்களை எண்ணி இயற்றப்பட்ட விதி, காலப்போக்கில் பெரும்பாலும் பெண்களையே பற்றிக்கொண்டது என்பது கசப்பான உண்மை. ஏனெனில் வகுப்பறைகளில் பெரும்பாலும் நின்றவர்கள் பெண்கள். கணவருக்குப் பின் நெடுநாள் வாழ்ந்திருப்பவர்களும் பெண்களே.

ஏழையெனத் தோன்றியவர்

இரண்டாவது விதி 1983-இல் வந்தது. ஜனாதிபதி ரானல்டு ரேகன் காலத்தது. ‘எதிர்பாரா ஆதாய நீக்க விதி’ என அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். இது கணவரின் தொகையைத் தொடவில்லை. ஒருவர் தாமே உழைத்துப் பெற்ற சமூகப் பாதுகாப்புத் தொகையைக் குறைத்தது.

சமூகப் பாதுகாப்புத் திட்டம் ஏழைத் தொழிலாளியின் பக்கம் சற்றுச் சாய்ந்த தராசு. 35 ஆண்டு வருமானத்தின் மாதச் சராசரியைக் கண்டு, அதன் முதல் பகுதிக்கு 90 விழுக்காடும், அடுத்த பகுதிக்கு 32 விழுக்காடும், அதற்கு மேற்பட்டதற்கு 15 விழுக்காடும் கணக்கிடுவர். 2024-இல் 62 வயதை எட்டியவருக்கு அந்த முதல் பகுதி 1,174 டாலர் வரை. குறைந்த கூலிக்காரருக்கு வருமானத்தின் பெரும்பங்கு திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம்.

இப்பொழுது ஒருவர் 20 ஆண்டுகள் தீயணைப்புப் படையிலும், 15 ஆண்டுகள் தனியார் பட்டறையிலும் உழைத்தார் எனக் கொள்வோம். சமூகப் பாதுகாப்பு ஏட்டில் பட்டறையின் 15 ஆண்டுகள் மட்டுமே தெரியும். மற்ற ஆண்டுகள் சுழியங்களாக நிற்கும். நல்ல சம்பளக்காரராகிய அவர் ஏட்டில் பரம ஏழையாகத் தோற்றமளிப்பார். அவருடைய சராசரி 1,000 டாலர் என்றால், பொது விதிப்படி 900 டாலர் கிடைக்கும். ஏழைக்கென வைத்த சலுகை ஏழையல்லாதவருக்குப் போகிறதே என்று எண்ணிய சட்டம், 90 விழுக்காட்டை 40 விழுக்காடாக்கியது. அவருக்குக் கிடைத்தது 400 டாலர். வரி செலுத்திய பணியில் 20 ஆண்டுகளுக்கு மேற்பட்டவருக்குக் கழிவு சிறிது சிறிதாகக் குறைந்து, 30 ஆண்டுகள் நிறைந்தவருக்கு அறவே நீங்கிற்று. அரசு ஓய்வூதியத்தின் பாதிக்கு மேல் எவரிடமும் கழிப்பதில்லை என்ற வரம்பும் இருந்தது.

2023-ஆம் ஆண்டின் இறுதியில் இவ்விதியால் 20 இலட்சத்திற்கும் அதிகமானோரின் தொகை குறைந்திருந்தது. முன் சொன்ன கழிவு விதியால் 7 இலட்சத்திற்கும் அதிகமானோரின் தொகை குறைந்திருந்தது.

மூன்றாவது வீடு

“இது பச்சை அநீதி” என்று உடனே தீர்ப்புக் கூறத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். அதே தெருவில் மூன்றாவது வீடு ஒன்றுண்டு.

அவ்வீட்டுக்காரரும் கைம்பெண்ணே. கணவர் அதே தொழிற்சாலையில் அதே கூலிக்கு உழைத்தவர். இவரோ முப்பது ஆண்டுகள் தனியார் நிறுவனத்தில் கணக்கராக இருந்து, தம் பெயரிலேயே மாதம் 1,800 டாலர் சமூகப் பாதுகாப்புத் தொகை பெறுகிறார். கணவர் மறைந்தபின் இவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது என்ன? ஒன்றுமில்லை. ஏனெனில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்திற்குள் ஒருவர் தம் தொகையையும் துணைவரின் தொகையையும் சேர்த்துப் பெற இயலாது. இரண்டில் பெரியது எதுவோ அந்த அளவே கிடைக்கும். இவ்விதி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஆகவே கழிவு விதியை வகுத்தவர்கள் இல்லத்தரசியோடு ஆசிரியையை ஒப்பிடவில்லை; கணக்கரோடு ஒப்பிட்டார்கள். கணக்கருக்கு முழுக் கழிவு; ஆசிரியைக்கு மூன்றில் இரு பங்கே கழிவு. இக்கண் கொண்டு பார்த்தால் சட்டம் ஆசிரியைக்குச் சற்று இரக்கமே காட்டிற்று எனலாம். எவரோடு எவரை ஒப்பிடுகிறோமோ, அதைப் பொறுத்து நீதியின் முகமும் மாறுவதைக் காண்க.

அப்படியாயின் குறை எங்கே? கருத்தில் இருந்ததைக் காட்டிலும் கருவியில் இருந்தது. ஒவ்வொருவருடைய உண்மையான உழைப்பையும் அளந்து பார்க்காமல், 40 விழுக்காடு என்ற ஒரே கத்தரியால் எல்லாருடைய துணியையும் வெட்டினார்கள். கழிவு முதற்பகுதியில் மட்டுமே விழுந்தமையால், குறைந்த வருமானமுள்ளவரே தம் தொகையில் பெரும்பங்கை இழந்தார். உழைத்த ஆண்டுகளின் விகிதப்படி கணக்கிடலாம் என்ற யோசனைகள் அந்நாட்டுக் காங்கிரசில் பன்முறை வந்தன. எதுவும் சட்டமாகவில்லை.

சொல்லாமல் வைத்த செய்தி

இன்னும் பெரிய குறை ஒன்றுண்டு. அது மௌனம்.

சமூகப் பாதுகாப்பு நிருவாகம், உழைப்பவருக்கு முதுமையில் எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பீட்டு அறிக்கை அளித்து வந்தது. ஆனால் ஒருவர் பிற்காலத்தில் எந்த அரசு ஓய்வூதியம் பெறுவார் என்பது அதன் ஏட்டில் இல்லை. ஆகவே அறிக்கையில் கழிவு செய்யாத பெரிய தொகையே பொறிக்கப்பட்டது. அதை நம்பி வீட்டுக் கடனையும் ஓய்வு பெறும் நாளையும் திட்டமிட்டவர் பலர். வெட்டு விழுவது விண்ணப்பம் கொடுத்த பின்னரே தெரிந்தது. சிலருக்கோ முழுத் தொகையும் சில ஆண்டுகள் வழங்கப்பட்டு, பிறகு “மிகையாகக் கொடுத்துவிட்டோம், திருப்பித் தருக” என்ற கடிதம் வந்தது. அறுபத்தைந்து வயதுக்கு மேல் ஒருவர் புதிதாகச் சேமிக்கத் தொடங்க முடியுமா?

அறிந்தவர்களோ சந்து கண்டுபிடித்தனர். பணியின் கடைசி நாள் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்த அரசுப் பணியாக இருந்தால் கழிவு விதி தீண்டாது என்று சட்டத்தில் ஒரு வாசகம் இருந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள், ஓய்வு பெறுமுன் அத்திட்டத்தில் சேர்ந்த வேறொரு பள்ளி மாவட்டத்தை நாடிச் சென்று, ஒரு நாள் மட்டும் துப்புரவு போன்ற பணி செய்து திரும்பினர். வாழ்நாளெல்லாம் கரும்பலகை முன் நின்றவர், கணவரின் உழைப்பின் பயனைக் காத்துக்கொள்ள ஒரு நாள் துடைப்பம் ஏந்தினார்! சிரிப்பதா, அழுவதா? 2004-ஆம் ஆண்டுச் சட்டம் அச்சந்தை அடைத்து, ஒரு நாள் என்பதை 60 மாதங்கள் என்றாக்கியது. அதே சட்டம் ஒரு நன்மையும் செய்தது. 2005 ஜனவரி முதல் இத்தகைய பணியில் புதிதாகச் சேர்வோரிடம், பிற்காலத்தில் கழிவு நேரலாம் என்று எழுத்து மூலம் தெரிவித்துக் கையொப்பம் பெற வேண்டும் என்று விதித்தது. முதல் விதி பிறந்து 27 ஆண்டுகளுக்குப் பின்னரே இந்த எச்சரிக்கை வந்தது என்பதை மறவாதிருப்போம்.

விதிகள் வீழ்ந்தன

ஆசிரியர், காவலர், தீயணைப்பு வீரர் ஆகியோரின் சங்கங்கள் பல்லாண்டுகள் போராடின. இறுதியில் 2024 நவம்பர் 12-ஆம் நாள் பிரதிநிதிகள் சபை 327-க்கு 75 என்ற வாக்குகளால் நீக்க மசோதாவை நிறைவேற்றியது. டிசம்பர் 21-ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில் செனட் சபை 76-க்கு 20 என்ற வாக்குகளால் ஏற்றது. 2025 ஜனவரி 5-ஆம் நாள் ஜனாதிபதி ஜோ பைடன் கையொப்பமிட்டார். ‘சமூகப் பாதுகாப்பு நேர்மைச் சட்டம்’ என்ற அச்சட்டம் இரு விதிகளையும், 2024 ஜனவரி மாதத் தொகையிலிருந்தே, அடியோடு அகற்றியது. நிலுவைத் தொகை 2025 பிப்ரவரி முதல் அனுப்பப்பட்டது. ஜூலைத் தொடக்கத்திற்குள் 31 இலட்சத்திற்கும் மேற்பட்ட கொடுப்பனவுகளாக 1,700 கோடி டாலர் வழங்கியாயிற்று என நிருவாகம் அறிவித்தது.

நம் ஆசிரியைக்கு இன்று 1,800-உடன் முழு 1,500-உம் சேர்ந்து மாதம் 3,300 டாலர். ஆனால் ‘எப்படியும் ஒன்றும் கிடைக்காது’ என்று எண்ணி முன்னர் விண்ணப்பிக்காமலே இருந்தவருக்கு எதுவும் தானாக வந்து சேரவில்லை; அவர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது வீட்டுக் கணக்கருக்கோ இன்றும் 1,800 டாலர்தான். அவர் தம் அண்டை வீட்டாரின் மகிழ்ச்சியைக் கண்டு என்ன எண்ணுவார்? ஒரு நேர்கேட்டைத் தீர்க்கப் போய் மற்றொன்றை விட்டுவைத்தோமோ என்ற கேள்வி செனட் சபையிலும் எழாமலில்லை. செலவும் சிறிதன்று. பத்தாண்டுகளில் ஏறத்தாழ 19,600 கோடி டாலர் ஆகும் என்றும், நிதி வற்றும் நாள் ஏறத்தாழ ஆறு மாதம் முன்னே வரும் என்றும் அந்நாட்டுக் காங்கிரசின் வரவுசெலவு அலுவலகம் கணக்கிட்டது. 2025-இல் வெளியான அறங்காவலர் அறிக்கையின்படி, ஓய்வுத்தொகை நிதியின் கையிருப்பு 2033-இல் தீர்ந்துவிடக்கூடும். அதன்பின் வரி வருவாயைக் கொண்டு உரிய தொகையில் 77 விழுக்காடே வழங்க இயலும். இன்று தாத்தாவுக்குக் கொடுப்பது பேரனின் பெட்டியிலிருந்து எடுப்பதாக முடியாமல் காப்பது அந்நாட்டார் முன்னுள்ள கடமை.

நம்மவர்க்கும் தொடர்புண்டு

கடல் கடந்த இக்கணக்கு நமக்கெதற்கு என்று வினவலாம். நம் மாநிலத்தில் ஆசிரியராகவோ அலுவலராகவோ இருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளோடு அமெரிக்காவில் குடியேறி, அங்கும் பத்தாண்டுக்கு மேல் உழைத்து வரி செலுத்தியவர்கள் உண்டு. ‘எதிர்பாரா ஆதாய நீக்க விதி’ அயல்நாட்டு ஓய்வூதியத்தையும் கணக்கில் கொண்டது. இங்கே பெற்ற ஓய்வூதியம் அங்கே பெறும் தொகையைக் குறைத்தது. 2024 ஜனவரி முதலான தொகைகளுக்கு அக்கழிவும் இல்லை. அத்தகையோர் உங்கள் குடும்பத்தில் இருப்பின், அன்று குறைத்து வழங்கப்பட்ட தொகை இன்று சரி செய்யப்பட்டுள்ளதா எனப் பார்க்கச் சொல்லுங்கள்.

அயல்நாட்டுத் தொடர்பே இல்லாத இல்லங்களுக்கும் இக்கதையில் ஒரு பாடம் உண்டு. அந்த ஆசிரியையை மிகவும் வருத்தியது எது? பணம் குறைந்தது மட்டுமன்று. கணவர் உயிரோடிருக்கையில் இருவரும் சேர்ந்து போட்ட முதுமைக் கணக்கு தவறென்பது, அவர் மறைந்தபின் தனியொருத்தியாய் அலுவலக மேசை முன் நிற்கையில் தெரிந்ததே, அதுதான். சட்டம் கடுமையாக இருக்கலாம். காலத்தில் சொல்லிவிட்டால் மனிதர் அதற்கேற்ப வாழ்வை அமைத்துக்கொள்வர். சொல்லாமல் வெட்டும் சட்டமோ, கணக்கு நேராக இருந்தாலும் கோணலே.

அரசு சொல்லத் தவறியதை வீட்டிலேனும் சொல்லிக்கொள்ளலாம். ஒரு மாலைப் பொழுதில் கணவனும் மனைவியும் அமர்ந்து, ஓய்வூதிய ஏடு எங்கே, தமக்குப் பின் துணைவருக்கு எவ்வளவு கிடைக்கும், எதனால் குறையும், யாரைக் கேட்க வேண்டும் என்பவற்றைப் பேசி ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று தள்ளிவிட வேண்டா. எஞ்சியிருக்கப் போகிறவர்மேல் கொண்ட அன்பே அப்பேச்சு.